காரணம்: சந்தோஷம்

போன வாரம் என் மகள் அடுப்படியிலிருந்து, "அம்மா, சின்ன ஆக்சிடென்ட்" என்றாள். தோசைமாவுச் சட்டி கை தவறிக் கவிழ்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அவள் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு என்னைத் தேடியபோது நான் வீட்டில் இல்லை. தெருவைத் தாண்டி, இஸ்திரி போடுகிறவர் வண்டி நிறுத்தும் மரத்தடியில், செருப்பில்லாமல், கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. "என்னக்கா, வீட்ல யாருக்கும் ஏதாச்சுமா?" என்று அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். "மாவு கொட்டிருச்சு" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மதுரைக்காரர்களுக்கு அந்த அளவுக்கு இங்கிதம் உண்டு.

மகளுக்கு ஒரே சிரிப்பு. அவள் வாயில் அந்த வார்த்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரும். தப்பான ஆளுக்குச் செய்தி அனுப்பினால் ஆக்சிடென்ட், துணியில் சாயம் ஏறினால் ஆக்சிடென்ட், பழைய சிநேகிதியைக் கடையில் பார்த்தால் அதுவும் ஆக்சிடென்டலாகப் பார்த்ததுதான். நான் கல்லூரிக்குப் போன புதிதில் ஒரு விருதுநகர்ப் பிள்ளை, "அவரை நான் ஆக்சிடென்டலாத்தான் மீட் பண்ணினேன்" என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். நான் பதறிப்போய், "ரொம்ப அடியா?" என்று கேட்டேன். காதல் என்று புரிய எனக்கு அந்த வருஷம் முழுக்க ஆனது.

என்ன செய்வது? நான் பிறந்த ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம், வெடிக் கம்பெனிகள் நிறைந்த பூமி. மற்ற ஊர்களில் ஆக்சிடென்ட் என்றால் "எந்த பஸ்?" என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிடுவார்கள். பதில் வரும்வரை ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தமே கிடையாது. சைக்கிளிலிருந்து விழுந்தவன் விழுந்தவன்தான். கிணற்றில் வாளி போனால் வாளி போச்சு, அவ்வளவுதான்.

நாங்கள் நிலம் வைத்திருந்த குடும்பம். பருத்தியும் சோளமும் போடுவோம். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். டிகிரியும் டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டு வந்த எனக்கு வீட்டில் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பக்கத்து வெடிக் கம்பெனியில் காலியாக இருந்த கிளார்க் வேலை. இன்னொன்று, கோவில்பட்டி அத்தை மகன். அத்தை மகன் கெட்டவரில்லை. ஒரே குறை, பேச மாட்டார். வீட்டுக்கு வந்தால் ஒரு தட்டு சாத்தூர்ச் சேவை முன்னால் வைத்துக்கொண்டு, தீரும்வரை மென்றுவிட்டு எழுந்து போவார். ஆயுள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்பதா என்று எனக்கு நடுக்கம்.

அப்பாவிடம் மூன்று நாள் சாப்பிடாமல் மல்லுக்கட்டினேன். உண்மையில் ஒன்றரை நாள்தான், மிச்சத்துக்கு அம்மா ரகசியமாகச் சோறு போட்டாள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். ஆனால் ஒரு கண்டிசன். "போயிட்டு வா. ஆனா ஆக்சிடென்ட்டுங்கிற வார்த்தை அந்தக் கம்பெனியிலருந்து என் காதுல விழுந்துச்சுன்னா, அன்னைக்கே நீ வீட்டுக்கு வந்துரணும். அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம்." நான் சரி என்று தலையாட்டினேன். ஆக, என் கழுத்து அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டது.

கம்பெனிக்குப் போனால் அங்கே அந்த வார்த்தைக்கே தடை. போர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சி முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இங்கன ரெண்டே சட்டம். அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது. எதுக்காகவும் ஓடக் கூடாது. பாக்கி எல்லாம் போகப் போகத் தெரிஞ்சிக்கிருவ" என்றார். ஓடக் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. வெடிமருந்து வைத்து வேலை பார்க்கிற இடத்தில் யாராவது ஓடினால், ஏன் என்று கேட்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடுவார்கள். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பதிலைக் கேட்க இருந்ததில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அந்தக் காம்பவுண்டுக்குள் எல்லாரும் எல்லாவற்றுக்கும் நடப்பார்கள். சாப்பாட்டு மணி அடித்தால் நடை. வேன் கிளம்பப் போகிறது என்றாலும் நடை. திடீரென்று மழை கொட்டும்போது பார்க்க வேண்டும். இருநூறு பேர் தொப்பலாக நனைந்துகொண்டு, அவசரமே இல்லாமல், சப்பரத்துக்குப் பின்னால் போகிற மாதிரிப் போவார்கள். ஒரு தடவை வெறிபிடித்த மாதிரி ஒரு நாய் உள்ளே நுழைந்து அண்ணாச்சியைத் துரத்தியது. துரத்தியது என்று சொல்வதுகூடத் தப்பு. அண்ணாச்சி நடந்தார், அதனால் நாயும் நடந்தே வந்து கெண்டைக்காலில் கடித்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு வந்தவரிடம், "ஓடியிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். "நான் ஓடுனா இருநூறு பேர் ஓடுவாகம்மா. நாய் ஓராளைத்தான கடிச்சது" என்றார்.

எனக்கு ஆபீஸ் ரூமில் மேஜை. கடுதாசி டைப் அடிப்பது, போன் எடுப்பது, ஆர்டர் எழுதுவது. அதோடு ஒரு ரிஜிஸ்டரும் என் பொறுப்பு. அட்டையில் ஆங்கிலத்தில் அந்தத் தடைசெய்யப்பட்ட வார்த்தை கொட்டை எழுத்தில் இருக்கும். அதை அட்டை தெரியாமல் பழைய காலண்டர் தாளில் உறை போட்டு வைத்திருந்தார்கள். பேரும் சொல்ல மாட்டார்கள், "காலண்டர் நோட்டு" என்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும், கிழிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். மாசக் கடைசியில் தேதி போட்டு "இல்லை" என்று எழுதுவேன். எழுதும்போது மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன், எனக்காகவும் என் கழுத்துக்காகவும்.

பேக்கிங் ரூமில் பேச்சியக்கா என்று ஒருவர். என் ஊர்தான். அவர் மகளைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்து ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. கடைசியில் அந்தப் பெண் முழுகாமல் இருந்து, நிறைமாசமாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சீசன் நேரம், லீவு கிடையாது. பேச்சியக்கா காலையில் வேனை விட்டு இறங்கியதும் ஜன்னலில் தலையை நீட்டி, "போனு வந்தா ஒரு சத்தம் குடு தாயி" என்பார். நாலு நாளாக இதே பேச்சு. நாலு நாளாக அவர் தூக்குவாளியைத் திறந்தும் பார்க்கவில்லை என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் பத்தரை மணிக்கு போன் வந்தது. மருமகன். "பொம்பளப்பிள்ள. ரெண்டு பேரும் சுகமா இருக்காகன்னு அத்தைகிட்டச் சொல்லிருங்க" என்றார். ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

நடந்துதான் கிளம்பினேன். சத்தியமாக நடந்துதான். தண்ணீர்த் தொட்டிவரை என் கால்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருந்தன. அதற்குப் பிறகு அவை என் பேச்சைக் கேட்கவில்லை. செய்தி எழுதிய தாளைக் கையில் ஆட்டிக்கொண்டு, தாவணி பறக்க, வேப்பமரங்களுக்கு நடுவே ஓடினேன்.

முதலில் யார் பார்த்தார்கள் என்று தெரியாது. ஒரு ரூம் வாசலில் இரண்டு பேர் எழுந்தார்கள். அடுத்த ரூமில் நாலு பேர். யாரும் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. வெறும் காலடிச் சத்தம். எல்லாரும் என்னைப் பார்த்து வராமல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் முட்டாள்தனமாக, 'பேச்சியக்காவிடம் முந்திக்கொண்டு சொல்லப் போகிறார்களோ' என்று நினைத்தேன். பிறகு ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ வெடித்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவ்வளவுதான், நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்துப் பயந்து ஓடியவர்களில் முப்பது பேரையாவது நான் முந்தியிருப்பேன்.

எல்லாரும் ஓடியது பின்வாசலுக்கு. பின்வாசலில் கம்பிவலைக் கதவு. கதவில் பூட்டு.

ஆடுகள் உள்ளே வந்து செடியைக் கடிக்கின்றன என்று முதலாளி அந்தக் கதவைப் பூட்டச் சொல்லி ஒரு மாசம் ஆகியிருந்தது. சாவி சிவகாசியில் அவர் வீட்டில். பூட்டக் கூடாது என்று அண்ணாச்சி இரண்டு தடவை என்னைக் கடுதாசி டைப் அடிக்கச் சொல்லி அனுப்பியும் பதில் வரவில்லை. முன்னால் போனவர்கள் கதவில் மோதி நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. நெரிசல் இறுகியது. ஒரு நிமிஷம் இருந்திருக்குமோ என்னவோ. அந்த ஒரு நிமிஷம் இருநூறு பேரும் அந்தப் பூட்டைப் பார்த்தோம்.

அப்புறம் பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல், எப்போதும் போல மெதுவாக. "எந்த ரூம்?"

யாருக்கும் தெரியவில்லை. புகையும் இல்லை, சத்தமும் இல்லை.

"மொதல்ல ஓடுனது யாரு?"

"ஆபீஸ் பிள்ள" என்றார்கள். இருநூறு தலைகளும் என் பக்கம் திரும்பின.

"ஏம்மா ஓடுன?"

கசங்கிப்போன தாளை நீட்டினேன். "பேச்சியக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கு அண்ணாச்சி. ரெண்டு பேரும் சுகம்."

கதவோரத்தில் கம்பிவலையில் முகம் அழுந்தி நின்ற பேச்சியக்கா அப்படியே மடங்கி உட்கார்ந்து, "ஏ மாரியாத்தா" என்று அழுதார். மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஆகா, அந்தத் திட்டு. என் பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். படிச்ச பிள்ளை என்ற மரியாதை அன்றோடு போனது, அதன்பிறகு எல்லாரும் என்னை, ஏடி என்பதுபோல, ஏளா என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

ஆபீசுக்குத் திரும்பியதும் அண்ணாச்சி என் மேஜை முன்னால் நின்றார். "அந்தக் காலண்டர் நோட்டை எடு. எழுது."

"அண்ணாச்சி, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"எழுதினாத்தான் இன்ஸ்பெக்டரு படிப்பாரு. படிச்சாத்தான் பூட்டக் கேப்பாரு."

என் அப்பாவின் கண்டிசனை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மத்தியானம் முதலாளி காரில் வந்து இறங்கினார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. "வெடிக்கல, எரியல, ஒருத்தருக்குக் கீறல் இல்ல. இதுக்குப் பேரு ஆக்சிடென்ட்டா? பிள்ள விளையாட்டுல்ல" என்றார். காம்பவுண்டுக்குள் அந்த வார்த்தையைச் சொல்ல அவர் ஒருவருக்குத்தான் தைரியம் உண்டு. பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்து, "நீ இந்த மாசமும் இல்லைன்னே போடும்மா. ஓடுனதுக்கு உன்னைய வேலைய விட்டு நிப்பாட்டணும், நான் நிப்பாட்டல" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர் காலில் விழுந்து கும்பிடத் தோன்றியது. அவருக்கும் எனக்கும் ஒரே ஆசை. இல்லை என்று இரண்டரை எழுத்து எழுதிவிட்டால் அவர் பூட்டும் பத்திரம், என் கழுத்தும் பத்திரம். பேனாவைத் திறந்தும் விட்டேன். அண்ணாச்சி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பேச்சியக்கா உள்ளே வந்தார். டீக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் சீனி வாங்கி வந்திருந்தார். முதலாளிக்கு ஒரு சிட்டிகை, அண்ணாச்சிக்கு ஒரு சிட்டிகை. என் வாயில் அவரே போட்டுவிட்டு, "நீ ஓடி வந்து சொன்ன சேதி தாயி, நல்லா இருப்ப" என்று சிரித்தார். சிரித்த முகத்தில் இடது கன்னம் முழுக்கக் கம்பிவலையின் கட்டம் கட்டமான அச்சு. மூன்று மணி நேரம் ஆகியும் மறையவில்லை. அவருக்கு அது இருப்பதே தெரியாது.

சீனி கரைவதற்குள் எழுதிவிட்டேன். இடம்: பின்வாசல். காயம்: ஒருவருக்குக் கன்னத்தில் கம்பி அச்சு. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் என்ன போடுவதென்று தெரியவில்லை. 'சந்தோஷம்' என்று எழுதினேன். குறிப்பு: கதவு பூட்டியிருந்தது. அதன் கீழே அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். முதலாளி வாங்கிப் படித்தார், பக்கத்தின் எண்ணைப் பார்த்தார், மூடி வைத்துவிட்டுக் கார் ஏறிப் போனார்.

வீட்டுக்குப் போனால், எனக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. அப்பா வாசலில் நின்றார். "ஆக்சிடென்ட்டாமே."

"ஆமாப்பா."

"யாரு சொன்னா, அது ஆக்சிடென்ட்டுன்னு?"

"நாந்தான் எழுதினேன்."

மறுநாள் அப்பா என்னை வேலைக்கு அனுப்பவில்லை. அதற்கடுத்த நாள் அத்தை பூ பழத்தோடு வந்தாள், கூடவே அத்தை மகனும். சேவுத் தட்டு வந்தது. அவர் மெல்ல ஆரம்பித்தார். நான் உள்ளே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கடியாகக் கேட்டுக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்றை முந்தானையால் அடக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று, அந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

எட்டாம் நாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போயிருக்கிறார். உள்ளே போகவில்லை, சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்து கை கால் கழுவிவிட்டுச் சொன்னார். "கதவையே கழட்டிட்டாக. வாய்க்கா மேல பாலமாப் போட்டுருக்காக. நாளைக்கு வேலைக்குப் போ." பிறகு அத்தையிடம், "இப்பம் வேண்டாம்க்கா, பிள்ள வேலை பாக்கட்டும்" என்றார். அத்தை மகன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்கும் என்னைக் கட்டப் பயமாக இருந்திருக்கிறது, பாவம்.

கதவில்லாத பின்வாசல் வழியாக ஆடுகள் சந்தோஷமாக வந்தன. அவற்றை விரட்ட ஒரு ஆள் போட்டார்கள். அவரும் ஓடக் கூடாதல்லவா, அதனால் ஆடுகளுக்குப் பின்னால் நடந்தே விரட்டிக்கொண்டிருப்பார். ஆடுகளும் பழகிக்கொண்டன.

பேச்சியக்காவின் பேத்திக்குத் தமிழ்ச்செல்வி என்று பேர் வைத்தார்கள். ஆனால் யார் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது? மூன்றாம் மாசம் பேச்சியக்கா பிள்ளையைக் கொண்டுவந்து முன்வாசல் டீக்கடையில் வைத்துக் காட்டினார். எல்லாரும் நடந்துபோய்ப் பார்த்தோம். "இந்தா வந்துட்டாள்ல ஆக்சிடென்ட்" என்று யாரோ சொன்னார்கள், அதுவே பேராக நிலைத்துவிட்டது. ஆக்சிடென்ட்டுக்குப் பல்லு முளைச்சிருச்சா, ஆக்சிடென்ட்டு நடக்காளா, ஆக்சிடென்ட்டுக்கு மொட்டை எப்போ. காம்பவுண்டுக்குள் வாய்விட்டுச் சொன்னார்கள். அண்ணாச்சி அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் அவரே விசாரிப்பார். அந்த வார்த்தையைக் கேட்டு இருநூறு பேரும் சிரிக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம் பேச்சியக்கா சாத்தூர் போன் பூத்திலிருந்து கூப்பிட்டார். அவர் சாதாரணமாக போன் பேசுகிறவரில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். "வந்துட்டோம் தாயி" என்றார். மூச்சு வாங்கியது. "மருந்து ரூம் போயிருச்சு. ரெண்டு பேருக்குக் கையில தீக்காயம், பொழைச்சுக்கிருவாக. பாக்கி எல்லாரும் பின்வாசல் வழியா வந்துட்டோம். அண்ணாச்சி கடைசியா வந்தாரு. நடந்துதான் வந்தாரு." இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார், நானும் அழுதேன். காசு தீரும்வரை இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. போன வருஷம் காரில் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். நாலு பக்கச் சுவரும் விழுந்து, கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பின்வாசல் எது என்று தேடினேன். சுவரே இல்லாத இடத்தில் எந்தப் பக்கத்தை வாசல் என்று சொல்வது? அண்ணாச்சி போய்விட்டார். பேச்சியக்காவும் இரண்டு வருஷத்துக்கு முன் தூக்கத்திலேயே போனார். காலண்டர் நோட்டு எந்தக் கடையில் எதை மடித்ததோ.

மாவு கொட்டிய அன்று ராத்திரி தமிழ்ச்செல்விக்கு போன் போட்டேன். கோயம்புத்தூரில் ஏதோ பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை. என்னுடையது புது நம்பர் என்பதால், "யார் பேசறீங்க?" என்று சுத்தமான கோயம்புத்தூர்த் தமிழில் கேட்டாள்.

"ஆக்சிடென்ட்டா பேசுறது?" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது, பேச்சியக்காவின் பேச்சில். "ஆபீஸ் அத்தையா? ஆச்சி போன பெறகு ஒருத்தரும் என்னைய அப்படிக் கூப்பிட்டதில்லத்த."

நான் மெதுவாக உட்கார்ந்தேன்.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்றாள்.